பத்து வெள்ளி ரசீதும் மேடை வாக்குறுதியும்

தேர்தல் நெருங்கினால் பேராக் மாநிலத்து ஆயர் தாவார் கடைத்தெருவில் கொடி ஏறும். சுற்றியுள்ள தோட்டங்களில் வீட்டு வாக்குறுதி கிளம்பும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தும் லயத்தில் குடியிருப்பவரின் கவலை மாறவில்லை. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். 'வீடு கட்டித் தருகிறோம்' என்று ஒருவர் மேடையில் சொன்னால், அதை நம்பி ஊழியர் சேமநிதிப் பணத்தில் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. சொன்னவருக்கு மறந்துவிடும், அவ்வளவுதான். கேட்டவரோ கையிருப்பைத் தீர்த்திருப்பார்.

சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ஐந்து தோட்டங்களின் தொழிலாளர்கள் 1990களில் கேட்ட வாக்கு இதே ரகம். அங்கிருந்த 245 குடும்பங்களுக்கு வீடு கட்ட அடிக்கல் நாட்டுவதற்குள் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இடையில் இறந்துபோனவர்களுக்கு யார் சாவி கொடுப்பது?

பேராக்கிலிருந்தே இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலம் அது. தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி.சம்பந்தன் அப்போது அமைச்சர். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். பால் வெட்டும் குடும்பத்துக்குப் பத்து வெள்ளி சின்னத் தொகையல்ல, மளிகைக் கடன் அடைபடும் காசு. போட்டார்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் பிறந்தது. மறு வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

சம்பந்தன் பெரிய மனிதர், அதனால்தான் நடந்தது என்பார்கள். பாதி உண்மை. அந்த வாக்குக்குத் தொகை இருந்தது, பேரேடு இருந்தது. பணம் போட்டவர் கையில் ரசீது இருந்ததால் கணக்குக் கேட்கும் உரிமையும் இருந்தது. இன்றைய மேடைப் பேச்சில் இல்லாதவை இவையே.

இன்னொன்றையும் தோட்டத்து மக்கள் மறக்கக் கூடாது. மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரம். புத்ராஜெயாவிலிருந்து வருபவர் வீட்டுக்குப் பணம் ஒதுக்கலாம். தோட்ட முதலாளியோ மாநில அரசோ நிலம் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் தாளிலேயே தூங்கும். ஆகவே ஆயர் தாவார் பக்கம் அடுத்து வருகிறவரிடம் எந்த நிலம், யார் பெயரில், எந்த வருடம் என்று கேட்டு எழுதி வாங்கட்டும். பொன்னாடையை அப்புறம் போர்த்தலாம்.