ஜும்ஆவுக்கு வரும் மருத்துவச் சீட்டும் சிதம்பரம் மருத்துவமனையும்

ஜும்ஆ தொழுகை முடியும் நேரத்தில் நம் கைக்கு ஒரு சீட்டு வரும். நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரருக்கு அறுவை சிகிச்சை, மூன்று லட்சம் ரூபாய் தேவை, ஜமாஅத்தார்கள் தாராளமாக உதவவும் என்று எழுதியிருக்கும். நாம் அதை மைக்கில் வாசிப்போம். வாசலில் இரண்டு பேர் துண்டை விரித்துப் பிடித்து நிற்பார்கள். மாதத்திற்கு ஒன்றாவது வரும். சில மாதங்களில் மூன்று, நான்குகூட வரும். கடலூர் மாவட்டத்தில் இமாமத் செய்யும் எந்த ஆலிமைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு சீட்டைக் கொண்டுவந்த இளைஞரிடம், “தம்பி, அத்தாவுக்குக் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டோம். “இல்லீங்க ஹஜ்ரத். அது ரொம்ப இல்லாதவங்களுக்குத்தானே?” என்றார். “அரசு மருத்துவமனையில் காட்டினீங்களா?” என்றதற்கு, “அங்கேயா ஹஜ்ரத்?” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கூலி வேலை செய்பவர். வீட்டு நகைகளை அடகு வைத்தாகிவிட்டது. மீதிப் பணத்திற்குத்தான் பள்ளிவாசலுக்கு வந்திருந்தார்.

அவரை நாம் குறை சொல்லவில்லை. நம் சமுதாயத்தில் பலருடைய மனதில் இருப்பதைத்தான் அவர் சொன்னார். அரசு மருத்துவமனை வேறு யாருக்கோ உரியது, நமக்குரியது தனியார் மருத்துவமனையும் அதற்கான வசூலும் என்று எப்போது முடிவு செய்தோம்? சிதம்பரத்தில் நடந்த ஒரு மாற்றத்தை வைத்து இதைச் சிந்தித்துப் பார்ப்போம்.

அரசுப் பலகையும் தனியார் கட்டணமும்

1929ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1985ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் சுற்றுவட்டாரத்திற்கு நெடுங்காலமாக அதுதான் பெரிய மருத்துவமனை. 2012ன் இறுதியில் பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடி வெளியே தெரிந்து, ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் தமிழக அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டுப் பல்கலைக்கழகம் அரசின் கைக்கு வந்தது.

ஆனால் மருத்துவக் கல்லூரியின் கட்டணம் அரசுக் கட்டணமாக மாறவில்லை. மற்ற அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்கு 15 ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. சிதம்பரத்திலோ 5 லட்சம் ரூபாய்க்கும் மேல். கல்லூரி, சுகாதாரத் துறையில் இல்லாமல் உயர்கல்வித் துறையின் கீழ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தே இருந்ததால், அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கான கட்டணம் இதற்குப் பொருந்தவில்லை. அரசு ஏற்று ஏழாண்டுகள் கடந்தும் இதே நிலைதான்.

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கொரோனாக் காலத்தில் வார்டுகளில் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஜனவரியில் நிர்வாகம் காலவரையற்ற விடுமுறை அறிவித்து, விடுதிகளைக் காலி செய்யச் சொன்னது. மாணவர்கள் கலையவில்லை. போராட்டம் ஐம்பது நாட்களை ஒட்டி நீண்டது. 2021 ஜனவரி இறுதியில் மருத்துவக் கல்லூரியையும் பல் மருத்துவ, செவிலியர் கல்லூரிகளையும் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசு ஆணையிட்டது. தொடர்ந்து கட்டணமும் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு இணையாக்கப்பட்டது. அதுவே கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது.

இந்த மாற்றம் நம் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு கல்விக் கட்டணம் மட்டுமே படிப்பு முடியும்போது 25 லட்சத்தைத் தாண்டும். வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்தவருக்கும் அது கனமான தொகை. இன்று நீட் தேர்வில் போதிய மதிப்பெண் எடுக்கும் ஒரு தையல்காரரின் மகள் வீட்டை விற்காமல் அங்கே படிக்கலாம். 2007 முதல் நமக்குள்ள 3.5 சதவீத உள் ஒதுக்கீடும், 2020ல் வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கட்டணம் கைக்கெட்டும்போதுதான் முழுப் பயனைத் தரும். இடம் கிடைத்தும் பணம் இல்லாவிட்டால் ஒதுக்கீட்டால் என்ன பயன்?

அந்த ஐம்பது நாட்களும் நாம் என்ன செய்தோம்? செய்தியாகப் படித்தோம். மாணவர் பிரச்சினை என்று கடந்துபோனோம். போராடியவர்களில் நம் பிள்ளைகளும் இருந்திருக்கலாம் என்ற நினைப்புகூட நமக்கு வரவில்லை.

மாறாதவை

ஆணை ஒரே நாளில் வரும். நம்பிக்கை அப்படி வராது. அரசு மருத்துவமனைகளைப் பற்றிப் பொதுவாக நம்மிடம் சொல்லப்படும் குறைகள் பொய்யல்ல. நீண்ட வரிசை, ஸ்கேனுக்குத் தள்ளிப்போகும் தேதி, கனிவில்லாத வார்த்தை, பெண்களுக்குப் போதிய மறைவு இல்லாத வார்டு. தூரமும் ஒரு காரணம். மாவட்டத் தலைநகரான கடலூரில் தலைமை மருத்துவமனை இருக்கிறது. மருத்துவக் கல்லூரியோ சுமார் 45 கிலோமீட்டர் தள்ளிச் சிதம்பரத்தில். நெல்லிக்குப்பம், பண்ருட்டிக்காரர்களுக்குப் புதுச்சேரி பக்கம்.

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. நம்மைச் சுற்றியுள்ள அரியலூர், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. அக்கம்பக்கத்து மாவட்டங்களுக்குப் புதுக் கட்டடங்கள் வந்தன. நமக்குப் பழைய நிறுவனம் ஒன்று பொதுச் சொத்தாகக் கிடைத்தது. புதிதாகக் கட்டுவதைவிடப் பழையதைப் பொதுவுக்கு ஏற்றபடி மாற்றுவதற்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

2004ல் சுனாமி, 2011ல் தானே புயல், 2015ல் வெள்ளம் என்று அடுத்தடுத்து அடிவாங்கிய மாவட்டம் இது. அப்படிப்பட்ட நாளில் சாலை அறுந்துபோனால் சென்னை மருத்துவமனை எவ்வளவு பெரியதாக இருந்தும் உதவாது. பக்கத்தில் இருப்பதுதான் உயிரைக் காக்கும். பக்கத்தில் இருப்பதைச் சாதாரண நாட்களில் கைவிட்டுவிட்டு, ஆபத்து நாளில் மட்டும் அது தயாராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

காகிதத்தில் இருக்கும் உரிமைகள்

2009ல் தொடங்கி, 2012ல் மாற்றியமைக்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இன்று ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். நாம் கவனிக்காத ஒரு விஷயமும் உண்டு. அந்த அட்டையை அரசு மருத்துவமனையில் பயன்படுத்தினால், காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும். அதாவது நம் நோயாளி அங்கே போவதே அதன் வளர்ச்சிக்கு ஓர் உதவி.

2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை தேவையில்லை, வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் இதில் பதிந்திருக்கிறார்கள்?

திட்டத்தில் குறையும் இருக்கிறது. நாளைக்கு 400 ரூபாய் கூலி, மாதத்தில் 26 நாள் வேலை என்று வைத்தால் ஆண்டு வருமானம் 1,24,800 ரூபாய். இவர் வரம்பைத் தாண்டிவிடுகிறார்! இன்றைய விலைவாசியில் மாதம் பத்தாயிரத்தைத் தாண்டியவர் வசதியானவர் என்று சொல்ல முடியுமா? சின்னப் பெட்டிக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பள்ளிவாசல் முஅத்தின் என்று பலர் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். வரம்பை உயர்த்தக் கோருவது எல்லாக் கட்சிகளிடமும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை.

ஜகாத் எங்கே போய்ச் சேர வேண்டும்?

தகுதியுள்ள ஏழை நோயாளிக்கு ஜகாத்திலிருந்து உதவுவதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம் கேள்வி வேறு. அரசு கட்ட வேண்டிய பில்லை ஜமாஅத் கட்டிவிட்டால், அரசு எதுவுமே கட்டாத செலவை யார் பார்ப்பது?

அப்படிப்பட்ட செலவுகள் நிறைய உண்டு. காப்பீடு மருத்துவமனைக்குத்தான் பணம் கொடுக்கும். கூடத் தங்கும் மனைவியின் சாப்பாடு, அந்த நாட்களில் நின்றுபோன கூலி, மறுபரிசோதனைக்கான போக்குவரத்து, ஆறு மாதம் வாங்க வேண்டிய மருந்து, பாதியில் நிற்கும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தபின் கடனில் மூழ்கிய குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். பைத்துல்மால் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான். மக்கள் துண்டில் போடும் பணம் அமானிதம். கொடுத்துவிட்டோம் என்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. தேவையான இடத்தில் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அங்கே படிப்பும் நடக்கும், ஆராய்ச்சியும் நடக்கும். “ஆராய்ச்சின்னு சொல்லிக் கையெழுத்துக் கேக்குறாங்க, போடலாமா ஹஜ்ரத்?” என்று சில சகோதரிகள் நம்மிடம் கேட்டதுண்டு.

ஆராய்ச்சி என்றாலே அஞ்ச வேண்டியதில்லை. 1956ல் சென்னையில் காசநோயாளிகளிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. சானடோரியத்தில் சேர்த்து வைத்தியம் செய்வதற்கும், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுவதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959ல் வெளியான முடிவு காட்டியது. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கை அது மாற்றியது. சென்னையின் ஏழை நோயாளிகள் தந்த ஒத்துழைப்பால் கிடைத்த பலன் அது.

அதே சமயம், நோயாளி விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும். 2019ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, மருந்துப் பரிசோதனையில் சேர்ப்பவர்கள் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற ஒரு சாட்சி இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆகவே “இது சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா?” என்று கேளுங்கள். தாளின் ஒரு நகலை வாங்கி வீட்டில் வையுங்கள்.

இத்தகைய ஆய்வுகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருக்க முடியாது. சட்டம் அறிந்தவர், சாமானியர் ஒருவர், பெண் உறுப்பினர் ஆகியோரோடு சமூக அறிவியலாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, தத்துவ அறிஞர், மார்க்க அறிஞர் போன்றோரில் ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. மார்க்கம் கற்றவருக்குச் சட்டமே ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறது. அங்கே உட்காரும் தகுதியோடு நம் மத்ரஸாக்களிலிருந்து எத்தனை பேர் வெளிவருகிறார்கள்? பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசும்போது உலமாக்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களைக் கணக்கெடுப்போம். படித்த இளைஞர்கள் இரண்டு பேர் போதும். வருமானச் சான்று வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துப்போவதும் அமல்தான். உதவி கேட்டுச் சீட்டு வந்தால், அட்டை உண்டா, அரசு மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்று ஜமாஅத் முதலில் விசாரித்து வழிகாட்டட்டும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மட்டும் விசாரணை பிறகு, உதவி முதலில்.

அரசு மருத்துவமனையில் குறை கண்டால் வீட்டில் உட்கார்ந்து பேசாமல், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் எழுத்தில் கொடுப்போம். ஊர் மக்கள் எல்லோரோடும் சேர்ந்து கொடுப்போம். வார்டில் மறைவுத் திரை வேண்டும் என்பது நம் பெண்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சகோதரிக்கும் அது தேவை. சிதம்பரம் மாணவர்கள் கேட்டார்கள், கிடைத்தது.

அந்த இளைஞருடைய அத்தாவின் சிகிச்சைக்கு அந்த வாரமும் துண்டு விரிக்கப்பட்டது. மக்கள் கொடுத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அடுத்த சீட்டு வரும் முன் அந்த மஹல்லாவின் எல்லா வீட்டிலும் அட்டை இருக்க வேண்டும் என்று அன்றே நிர்வாகிகளிடம் சொன்னோம். கணக்கெடுப்பு தொடங்கியிருக்கிறது. உங்கள் மஹல்லாவிலும் இந்த ஜும்ஆவிலேயே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.