தறிக்குழிக்கு யார் ஜாமீன்?

தோழர்களே, ஒரு கணக்கைக் கேளுங்கள்!

ஊருக்கு ஊர் 'ஜிம்' என்று ஒன்று முளைத்திருக்கிறது. காசு கட்டி இரும்பு தூக்கும் இடம். அதை நடத்துகிறவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போனால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். கட்டடம் எரிந்தால் பாலிசி உண்டு. இயந்திரம் வெள்ளத்தில் மூழ்கினால் நஷ்ட ஈடு உண்டு. இரும்பு தூக்க வந்தவர் முதுகை முறித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால், அந்தப் பொறுப்பை ஏற்கவும் ஒரு பாலிசி உண்டு. கூடுதலாகப் பிரிமியம் கட்டினால், மூடிக் கிடந்த நாட்களின் வருமானத்தைக்கூடக் கேட்கலாம். இருக்கட்டும். கடன் வாங்கிச் சிறு தொழில் நடத்துகிறவர் ஒரு மழையில் தெருவுக்கு வர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர்மேல் நமக்குக் கோபமும் இல்லை.

நாம் கேட்பது இதுதான்: உடம்பை வளர்க்கும் இயந்திரத்துக்கு இத்தனை காப்பு என்றால், உடம்பைத் தேய்த்துப் பட்டு நெய்யும் தறிக்கு என்ன காப்பு?

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது! நெய்கிறவனுக்கு? ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே வீடுதான் தொழிற்சாலை. குழித்தறியில் உட்கார்ந்தவனின் கால் இரண்டும் மண்ணுக்குள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழியில் தண்ணீர் ஊறும். மிதி நனையும். பாவில் ஈரம் ஏறும். தெருவில் பாவு நீட்ட வெயில் இராது. தறி நின்றால் அடுப்பும் நின்றது. நனைந்து கெட்ட பட்டும் ஜரிகையும் யாருடையவை? நூல் கொடுத்த முதலாளியுடையவை. நஷ்டம் யாருடையது? கூலிக்கு நெய்பவனுடையது. கணக்குப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே முன்பணப் பாக்கியோடு அதுவும் ஏறுகிறது. சேலை அவருக்கு, கறை நமக்கு!

"நெசவாளியும் பாலிசி எடுக்கலாமே, யார் தடுத்தார்கள்?" என்று ஆபீஸ் நாற்காலியிலிருந்து கேட்கிறார்கள். காகிதத்தில் யாரும் தடுக்கவில்லைதான். 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி நடப்பில் இருக்கிறது. 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழிலுக்குத் தீ, புயல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் அதில் ஈடு உண்டு. ஆனால் நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பது பில். தறிக்கு ஏது பில்? அது தாத்தா காலத்து மரம். நூலுக்கு ரசீது? எடை முதலாளியின் நோட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் பட்டா? பலர் இருப்பது வாடகை வீட்டில். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியை ஆளுயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள்.

நெசவாளிக்குச் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. மகாத்மா காந்தி புன்கர் பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 470 ரூபாய் பிரிமியமாக இருந்தது. நெசவாளியின் பங்கு அதில் 80 ரூபாயாகத்தான் இருந்தது. இயற்கையாக இறந்தால் 60,000, விபத்தில் இறந்தால் 1,50,000 என்று வைத்தார்கள். வேண்டிய திட்டம்தான். ஆனால் கவனியுங்கள்: செத்தால் பணம், உறுப்புப் போனால் பணம். உயிரோடு இருப்பவனின் தறி மூழ்கினால்? அதற்கு அதில் ஒரு காசு இருக்கவில்லை!

ஆலைத் தொழிலாளித் தோழனே, போராடி வாங்கிய இ.எஸ்.ஐ. உனக்கு இருக்கிறது. ஆலை எரிந்தால் முதலாளியின் போன லாபத்துக்கும் பாலிசி உண்டு என்பது உனக்குத் தெரியுமா? விவசாயத் தொழிலாளித் தோழனே, 2016இல் வந்த பயிர் இன்ஷூரன்ஸைப் பார். பயிர் அழுகினால் சாகுபடியாளருக்கு ஈடு. அவர் பிரிமியம் கட்டினார், வாங்கட்டும். அறுவடைக் கூலி போன உனக்கு? அந்தக் கணக்கில் நீயே இல்லை. ஆரணி நெசவாளியும் உன் பக்கத்தில்தான் நிற்கிறான்.

இன்ஷூரன்ஸ் பொதுச் சொத்தானது எதற்காக? 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸையும், 1973இல் 107 பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் சர்க்கார் எடுத்தது. நான்கு கம்பெனிகள் பிறந்தன. அவற்றில் யுனைடெட் இந்தியாவின் தலைமை ஆபீஸ் நம் சென்னையிலேயே இருக்கிறது. (பொதுச் சொத்தென்றால் எல்லாம் சுத்தம் என்றும் சொல்ல மாட்டோம். 1957இல் முந்த்ராவின் கம்பெனிகளில் ஆயுள் இன்ஷூரன்ஸ் பணத்தைக் கொட்டியதும், அடுத்த ஆண்டு நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியதும் நாடறிந்த கதை.) பிறகு அந்நிய மூலதனத்துக்கு வழி திறந்தார்கள். முதலில் 26 சதவீதம், 2015இல் 49, 2021இல் 74. 2025 பட்ஜெட்டில் 100 என்று அறிவித்தார்கள்! லாபம் எண்ண வருகிற மூலதனம் சேவூர்த் தறிக்குழியில் இறங்கிப் பார்க்குமா?

ஆகவே கேட்கிறோம். நூல் கொடுக்கும் ஒவ்வொரு முதலாளியும் எடை, விலை போட்டு நெசவாளி கையில் ரசீது தர வேண்டும். ரசீது இல்லாத நூலுக்குப் பிடித்தம் கூடாது. பொதுத்துறைக் கம்பெனி தறிக்கும் குழிக்கும் பாவுக்கும் சேர்த்து ஒரே கூட்டுப் பாலிசி போட வேண்டும். பிரிமியத்தை நூல் முதலாளியும் சர்க்காரும் கட்டட்டும். மழையால் தறி நின்ற நாட்களின் கூலியும் அந்தப் பாலிசியிலேயே சேர வேண்டும். ஜிம்மின் மூடிய நாட்களுக்கு ஈடு எழுதத் தெரிந்த கம்பெனிக்கு இதை எழுதத் தெரியாதா? நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அது கைத்தறித் துறை ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.