படத்தில் தெரியும் இடைவெளி

முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். எக்ஸ்றே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பிள்ளை, இஞ்ச பார். மேல் இரும்புக்கும் கீழ் இரும்புக்கும் நடுவில ஒண்டும் இல்லை. கழண்டு போச்சுதோ?" என்று கேட்டார். அந்தப் பயத்தில் நான்கு நாட்களாகக் காலை ஊன்றவே இல்லையாம். வைத்தியரிடம் கேட்கவும் கூச்சம்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். வைத்தியர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். தொடை எலும்பின் கீழ் நுனியிலும், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேற்பகுதியிலும் உலோகம் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவே உறுதியான பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. உலோகம் படத்தில் வெள்ளையாகத் தெரியும், பிளாஸ்டிக் தெரியாது. அம்மா கண்டது பிளாஸ்டிக் இருக்கும் இடத்தைத்தான்.

அப்படியானால் வைத்தியர் படத்தில் எதைப் பார்க்கிறார்? மூட்டு நேராகப் பொருந்தியுள்ளதா, எலும்போடு இறுகப் பிடித்துள்ளதா என்று பார்க்கிறார். முழங்காலை மட்டும் எடுத்த சிறிய படத்தில் கால் முழுவதும் நேரா என்பது சரியாகத் தெரியாது. அதற்கு, நிமிர்ந்து நிற்க முடிந்த பின், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நிற்கவைத்து நீளப்படம் எடுப்பார்கள். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு கீறினால், அது முழங்காலின் நடுவால் போக வேண்டும். 3 பாகைக்குள் விலகல் இருப்பதை நெடுங்காலமாக நல்ல அளவாகக் கொண்டார்கள். ஆனால் 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 398 மூட்டுகளை 15 வருட அளவில் பார்த்தபோது, அந்த அளவுக்குள் இருந்தவை மற்றவற்றைவிட அதிக காலம் நீடிக்கவில்லை என்று காட்டியது. ஆகவே ஓர் எண்ணைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். வலியும் நடையும் சேர்த்தே பார்க்கப்படும்.

படம் எடுக்கும்போது முழங்காற் சிரட்டை நேரே முன்னால் பார்க்க வேண்டும். கால் திரும்பியிருந்தாலோ மடிந்திருந்தாலோ அளவு பிழைக்கும். நேராக நிற்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மூட்டு உள்ளே திருகியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். அதில் கதிர்வீச்சு கூட என்பதால் எல்லோருக்கும் எடுப்பதில்லை.

எங்களில் பலருக்கு இன்னொரு விடயமும் உண்டு. ஷெல் பட்டு முறிந்த தொடை எலும்பு வளைந்து பொருந்தியிருக்கலாம். சிறிய படத்தில் அந்த வளைவு அகப்படாது. ஆகவே பழைய முறிவைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். உடம்பில் குண்டுச் சிதறல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பழைய படங்களை எறியாதீர்கள். மூட்டு தளர்கிறதா என்பதை முந்திய படத்தோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள். திகதி எழுதி, மடிக்காமல், நனையாத இடத்தில் வையுங்கள். காய்ச்சல், சிவந்த வீக்கம், காயத்தில் நீர் வடிதல் இருந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்த அம்மா அன்று பின்னேரமே வோக்கரைப் பிடித்து முற்றம் வரை நடந்தார். நான்கு நாட்கள் அவரை இருத்தி வைத்தது கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான். நீங்கள் கேளுங்கள், சகோதரிகளே. உங்கள் காலைப் பற்றிக் கேட்பது உங்கள் உரிமை.