"முதலில் கருவி வரட்டும்" என்பவர்களுக்கு

செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றிய ஆய்வு பணக்கார நாடுகளுக்கு உரியது, நமக்கு முதலில் கருவி வரட்டும், கேட்டைப் பிறகு பார்க்கலாம் என்று திருகோணமலையில் படித்தவர்களே பேசுகிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் உடன்பாடில்லை.

கேடு இனிமேல்தான் வரும் என்பதே முதல் பிழை. இதே கிழக்கு மாகாணத்தில் அது வந்தாயிற்று. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த மாவுக்கட்டியைக் காட்டி, மலட்டு மருந்து போட்டாயா என்று சிங்களத்தில் அதட்டினார்கள். சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரர் ஆமென்றார். கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அந்தப் பேச்சின் காணொளி பேஸ்புக்கில் பரவியது. அடுத்த வாரம் கண்டிப் பக்கத்துத் திகணை எரிந்தது. எந்தப் பதிவு யார் கண்ணில் படவேண்டும் என்று பேஸ்புக்கில் வரிசைப்படுத்தியது கணினி. சிங்களப் பதிவுகளைச் சரிபார்க்கப் அப்போது போதிய ஆட்கள்கூட இல்லை.

ஆய்வு நமக்கு எட்டாதது என்பதும் பொய். பேஸ்புக்கில் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றி, கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டுவிட்டது. நாலு வருடம் முன்கூட்டியே எச்சரித்தவர்கள் நம்மவர்கள்தான். காதில் போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒரு திகதி போதும்: அந்த 2018 வன்முறையில் தன் பங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உண்டு. ஆனால் முடிவு பிழையென்று காட்ட, அந்த இயந்திரத்தைச் சோதித்தவர் ஒருவர் வேண்டும்.

நம் ஊர் சின்னது, இங்கே என்ன ஆய்வு என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கும் பேச்சு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மீன்சந்தையில் பேரம் பேசும் மாவட்டம் இது. கடல் எச்சரிக்கையைக் கணினி தமிழாக்கி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வள்ளத்தில் போகிறவர் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டால் யார் பொறுப்பு? இதைக் கொழும்பில் உட்கார்ந்து சோதிக்க முடியாது. நிலாவெளிப் பக்கத்திலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய எச்சரிக்கைகளை இயந்திரத்தில் மொழிபெயர்த்து, நிலாவெளி, கிண்ணியா மீனவர்களிடம் வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேட்டு எழுதட்டும். வாடைக்காற்று தொடங்குமுன் இதைச் செய்துவிடலாம்.