மிளகுதான் சார்!

பேத்தியின் பிறந்த நாளுக்குக் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனோம். கொஞ்சம் பெரிய இடம். விளக்கு மங்கலாக எரிவதைப் பார்த்ததுமே பில் எப்படி இருக்கும் என்று புரிந்துவிட்டது. முதலில் வந்த சாலட்டின் மேல் இளஞ்சிவப்பில் குட்டிக் குட்டி மணிகள்.

"என்னப்பா இது?"

"பிங்க் பெப்பர் சார். மிளகுதான்" என்றார் சர்வர்.

மருமகள் சட்டென்று பேத்தியின் தட்டை இழுத்துக்கொண்டாள். குழந்தைக்கு முந்திரி ஆகாது. போன வருஷம் சர்க்கரைப் பொங்கலில் கிடந்த ஒரே ஒரு முந்திரிக்கு உதடு வீங்கி, ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"ஏம்மா, மிளகுக்கும் முந்திரிக்கும் என்ன சம்பந்தம்? பத்து மிளகு இருந்தா பகைவன் வீட்டிலேயே சாப்பிடலாம்பாங்க" என்று சிரித்தேன்.

"வேண்டாம் மாமா."

வீட்டுக்கு வந்து குடைந்து பார்த்தால், என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பிங்க் பெப்பர் மிளகே இல்லையாம்! பிரேசில் பக்கத்து மரம் ஒன்றின் பழம். மாமரமும் முந்திரியும் அதற்குப் பங்காளிகள். முந்திரி ஆகாத சிலருக்கு அதுவும் ஆகாமல் போகலாம்.

மேலும் குடைந்தேன். சீனாவின் சிச்சுவான் பெப்பர், நம் எலுமிச்சைக்கு உறவு. ஜமைக்கா பெப்பர் என்கிற ஆல்ஸ்பைஸ், கொய்யாவுக்குச் சொந்தம். கறுப்பு, வெள்ளை, பச்சை மூன்றும் மட்டும் ஒரே கொடி. காயாகப் பறித்து உலர்த்தினால் கறுப்பு, பழுத்ததை ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெள்ளை.

இதைவிட வேடிக்கை, 'பெப்பர்' என்ற பெயரே மிளகுடையது இல்லை. பிப்பலி என்கிற நம்ம திப்பிலியின் பெயர் கிரேக்கம், லத்தீன் வழியாகப் போய் அப்படி ஆனது. பெயரைத் தானம் கொடுத்துவிட்டுத் திப்பிலி நாட்டு மருந்துக் கடை டப்பாவில் உட்கார்ந்திருக்கிறது, பாவம்.

1492-ல் கொலம்பஸ் நம் பக்கத்து வாசனைச் சரக்குகளைத் தேடிக் கிளம்பி, அமெரிக்காவில் கண்ட காரமான காய்க்கும் மிளகின் பெயரையே வைத்துவிட்டார்கள். கேலி செய்ய நமக்கு யோக்கியதை கிடையாது. மிளகு, காய், மிளகாய். நாமும் அதையேதான் செய்திருக்கிறோம்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும், "நீ செஞ்சதுதாம்மா சரி. எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. 'மிளகுதான்'னு சொல்றப்போ அந்த சர்வர் முகமே சரியில்லை."

சொல்லிக்கொண்டே என் தட்டில் மிளகு ரசம் ஊற்றினாள். நான் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.