இறுக்குவதா, விடுவதா?

தேசிய சேவையில் சுடுதளத்தை விட்டுக் கிளம்புமுன், காலித் தோட்டாக் கூடுகளைக்கூடப் பொறுக்கி எண்ணிக் கொடுத்தவன் நான். டெக்சஸில் அத்தான் வீட்டுக்குப் போனால், கார் கொட்டகையில் அதே கூடுகள் டப்பா டப்பாவாக! அவற்றில் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டா செய்வது அங்கே சட்டப்படியான பொழுதுபோக்கு.

குண்டை வைத்தபின் கூட்டின் வாயை இறுக்குவதற்குப் பெயர் ‘கிரிம்ப்’. "நன்றாக இறுக்கினால் பாதுகாப்புதானே, அத்தான்?" என்றேன்.

"அப்படி இல்லை, மச்சான். ரிவால்வருக்கு இறுக்கணும். ஒன்றைச் சுட்டால், அந்த உதைப்பில் மற்றத் தோட்டாக்களின் குண்டு முன்னே நழுவும், உருளை சுற்றாது. எனக்கே ஒருமுறை சிக்கியது. குழாயில் வரிசையாக நிற்கும் தோட்டாவில் குண்டு உள்ளே அமுங்கினால் அழுத்தம் எகிறும். அதற்கும் இறுக்கணும். ஆனால் தானியங்கிப் பிஸ்டலில் பெரும்பாலான தோட்டாக்கள் வாய் விளிம்பை ஊன்றித்தான் நிற்கும். அதிகம் மடித்தால் ஊன்ற இடமிருக்காது. லேசாக நிமிர்த்தினால் போதும். ஒவ்வொன்றாகப் போட்டுக் குறிபார்க்கும் ரைபிளுக்குப் பலர் இறுக்குவதே இல்லை."

"எப்படி முடிவு செய்வீங்க?"

"கையேட்டைத் திறப்பேன். ஊகித்தால் விரல் போகும்."

இருபது வருடம் செய்தவர், இன்னும் கையேட்டைத் திறக்கிறார். நான் புது மின்னடுப்பு வாங்கினால், கையேட்டைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறவன்!

கிளம்பும்போது நினைவாக ஒரு காலிக் கூட்டை நீட்டினார். "வேண்டாம் அத்தான், சாங்கியில் யார் பதில் சொல்வது?" என்று கும்பிட்டேன்.

பையில் கையேடு பற்றிய நினைவு மட்டும் வந்தது. அதற்குச் சுங்கம் கிடையாது.