சற்று வெளியே இருங்கள், சாமி



இம்மாதம் அறிவுரை கூற வரவில்லை; நான் பெற்ற ஒரு பாடத்தைச் சொல்ல வந்தேன். அதில் தொடர்புடைய குடும்பத்தாரின் இசைவு பெற்றே எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டா.

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தின் முதல் வெள்ளி இரவு. சிலுவைப்பாதை முடிந்து, கோவிலைப் பூட்டிவிட்டு, உணவுக்கு அமர்ந்த வேளையில் கதவு தட்டப்பட்டது. வந்தவர் எங்கள் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவரின் தம்பி. "சாமி, அண்ணனுக்குப் பேய் பிடித்துவிட்டது. தீர்த்தம் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள்" என்றார். அவர் நா குழறியது.

சென்று கண்ட காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. நான்கு பேர் அம்மனிதரைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருந்தனர். கால்களைத் துண்டால் பிணைத்திருந்தனர். வியர்வையில் அவர் உடல் நனைந்திருந்தது. கைகள் ஓயாது நடுங்கின. போர்வையின்மீது ஊர்வதாக அவர் கண்ட பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். மூலையில் நிற்பதாக எண்ணிய யாரையோ நோக்கி, "போ, வெளியே போ" என்று அலறினார். நான் செபித்துத் தீர்த்தம் தெளித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுக் கதறினார். "பார்த்தீர்களா, தீர்த்தத்தைக் கண்டால் துடிக்கிறது!" என்றது கூட்டம். உண்மையைச் சொன்னால், அந்நொடியில் நானும் அவ்வாறே எண்ணினேன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். எங்கள் பங்கில் பிறந்து வளர்ந்தவர், வெளியூரில் மனநல மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுபவர், விடுப்பில் வந்திருந்தார். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கூட்டத்தை வெளியேற்றினார். மங்கிய விளக்கை மாற்றி வெளிச்சமானதொரு விளக்கை ஏற்றச் சொன்னார். காற்கட்டை அவிழ்த்தார். பின்பு அம்மனிதரின் எதிரே, அவர் கண்ணுக்கு நேராக அமர்ந்து, "அண்ணே, நான்தான். இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

அவருக்குக் கிழமை தெரியவில்லை. தாம் இருப்பது தம் வீடென்றும் தெரியவில்லை. ஏதோ லாரிக் கொட்டகை என்றார். கிழமைகளைப் பின்னிருந்து சொல்லும்படி கேட்டதற்கு, "சனி, வெள்ளி" என்று தொடங்கி, இடையில் நூலறுந்ததுபோல் நின்று, மீண்டும் பூச்சி பொறுக்கலானார். செவிலியர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், நாடியை எண்ணினார், கைகளை நீட்டச் சொல்லி நடுக்கத்தை நோக்கினார். பின்பு மனைவியிடம் திரும்பி, "அக்கா, அண்ணன் கடைசியாக எப்போது குடித்தார்?" என்று வினவினார்.

அம்மனைவி என் முகத்தைப் பார்த்தார். "அவர் போன தவக்காலத்திலேயே விட்டுவிட்டாரே! சாமிக்கே தெரியும்" என்றார்.

ஆம், எனக்குத் தெரியும். முந்தைய ஆண்டு அவர் பீடத்தின்முன் நின்று, இனிக் குடிப்பதில்லையென வாக்களித்தார். அதை நான் மறையுரையில் எடுத்துக்காட்டி, ஏனையோர்க்கு அவரையே முன்மாதிரியாக நிறுத்தினேன். ஆகவே நானும், "உண்மைதான், அவர் குடிப்பதில்லை" என்று சான்று கூறினேன்.

செவிலியர் ஒரு கணம் என்னை நோக்கினார். பின்பு மெல்லிய குரலில், "சற்று வெளியே இருங்கள், சாமி" என்றார்.

முற்றத்தில் நின்ற ஐந்து நிமிடங்களும் எனக்கு நெடிதாகத் தோன்றின. அவர் வெளியே வந்து சொன்னார்: "மூன்று மாதம்தான் தாங்கியிருக்கிறார், சாமி. பிறகு நாள்தோறும் மறைவாகக் குடித்திருக்கிறார். இந்தச் சாம்பல் புதனன்று மனம் வருந்தி, ஒரேயடியாக நிறுத்திவிட்டார். செவ்வாய் இரவுதான் கடைசி. இது பேயன்று. இப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்."

கொண்டுபோனோம். பிழைத்தார். ஐந்தாம் நாள் எழுந்து அமர்ந்து கஞ்சி கேட்டார். அவ்விரவைப் பற்றி அவருக்கு எதுவும் நினைவில்லை. விடியட்டும் என்று நாம் செபித்துக்கொண்டே காத்திருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணும்போது இன்றும் என் நெஞ்சம் நடுங்குகிறது.

இந்நோய்க்கு மருத்துவ உலகில் நெடிய வரலாறு உண்டு. தாமஸ் சட்டன் எனும் ஆங்கில மருத்துவர் 1813-ஆம் ஆண்டிலேயே இதற்கு 'நடுக்கப் பிதற்றல்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டு நூல் எழுதினார். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவரின் மூளை மதுவின் அடக்குமுறைக்குப் பழகிப்போகிறது. மது திடீரென நின்றதும், தளை அறுந்த காளையைப்போல் நரம்புகள் கட்டுக்கடங்காமல் பாய்கின்றன. முதல் இரு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் குழப்பமும் மாயக்காட்சிகளும் தோன்றும். இதயத்துடிப்பு விரைந்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே இறுதியாகலாம். தக்க மருந்தும், பி-1 வைட்டமின் ஊசியும், இடைவிடாத கண்காணிப்பும் கிடைத்தால் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர்.

பின்னொரு நாள் அச்செவிலியரை வரவழைத்து, "அம்மா, நாங்கள் எல்லாரும் பேயைக் கண்ட இடத்தில் நீ எப்படி நோயைக் கண்டாய்?" என்று கேட்டேன். அவர் விளக்கியதை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிதல் நலம்.

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. மனத்தை அளக்க அத்தகைய கருவி இல்லை. பயிற்சி பெற்ற கண்ணும் செவியுமே கருவி. மனநலச் செவிலியர் நோயாளியின் அருகே வந்ததும் முதலில் தோற்றத்தை நோக்குகிறார்: தலை வாரியிருக்கிறாரா, உடை பருவத்திற்கு ஏற்றதா, கண்ணுக்குக் கண் பார்க்கிறாரா? அடுத்துப் பேச்சு: விரைவா, மந்தமா, தொடர்பு உண்டா? பின் மனநிலை: அவரே தம் நிலையை எப்படிக் கூறுகிறார், முகம் அதற்கு இசைகிறதா? அதன்பின் எண்ணங்கள்: தம்மை யாரோ கொல்ல வருவதாக, உணவில் நஞ்சு கலப்பதாக அசையாத நம்பிக்கை உண்டா? அடுத்துப் புலன்கள்: பிறர் காணாததைக் காண்கிறாரா, பிறர் கேளாததைக் கேட்கிறாரா? முடிவில் அறிவுநிலை: நாள், இடம், ஆள் தெரிகிறதா, கவனம் நிலைக்கிறதா, நினைவு உண்டா, தமக்கு நோய் உண்டென்று உணர்கிறாரா?

இவை ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்து காட்டுகின்றன. மனச்சிதைவு நோயில் பெரும்பாலும் குரல்கள் கேட்கும். ஆயினும் நோயாளிக்கு நாளும் இடமும் தெரிந்திருக்கும். ஆனால், நேற்றுவரை நலமாயிருந்த ஒருவர் திடீரென நாளும் இடமும் அறியாது, பூச்சிகளையும் உருவங்களையும் கண்டு, ஒரு நாழிகை தெளிவும் மறு நாழிகை குழப்பமுமாக இருந்தால், காரணத்தை முதலில் உடலில் தேடவேண்டும். நம் வீட்டு முதியோர் மாலை மயங்கியதும் பிதற்றத் தொடங்குகையில், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். அது சிறுநீர்த் தொற்றாகவோ, இரத்தத்தில் உப்போ சர்க்கரையோ குறைந்ததாகவோ இருக்கலாம். மருத்துவம் செய்தால் தெளிந்துவிடக்கூடும்.

கேள்விகளும் ஆளுக்கு ஏற்றனவாக இருத்தல் வேண்டும். 1975-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய, 30 மதிப்பெண் கொண்ட ஒரு குறுந்தேர்வில், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கும் வினா ஒன்று உண்டு. பள்ளி வாசலை மிதியாத நம் தாய்மாரிடம் அதைக் கேட்டு, விடை வரவில்லை என்பதற்காக அறிவு மங்கியதென எழுதினால், அது அநீதியன்றோ! அவரிடம் சந்தைக் கணக்கைக் கேட்கவேண்டும். கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொல்லவேண்டும். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பதன் பொருள் என்ன என்று கேட்கலாம். "பெரியவர்களும் தவறுவார்கள்" என்பவர் பழமொழியின் உட்பொருளைப் பற்றிக்கொண்டார். "சேற்றில் யானை வழுக்கும்" என்பவர் சொல்லோடு நின்றுவிட்டார். இதுவும் ஒரு குறிப்பே. இதை மட்டும் கொண்டு தீர்ப்பிடலாகாது.

அவர் சொன்னவற்றுள் என்னை மிகவும் தொட்டது, எழுதும் முறை. அன்றிரவு மருத்துவரிடம் அவர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் 'வெறிபிடித்தவர்' என்றோ 'முரடர்' என்றோ இல்லை. நேரம், நாடி, நடுக்கம், கடைசியாகக் குடித்த நாள், அவர் கூறிய சொற்கள் அப்படியே - இவ்வளவுதான் இருந்தன. கண்டதை எழுது, கேட்டதை எழுது, உன் தீர்ப்பை எழுதாதே என்பது அவர்கள் பயிற்சியின் முதற்பாடமாம். அயலானைப் பற்றி நாம் பேசும் பேச்சுக்கெல்லாம் இது பொருந்தாதா?

அமெரிக்கச் செவிலியப் பேராசிரியை ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் வெளியிட்ட நூலில், நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையே வளரும் உறவையே செவிலியத்தின் மையமாக வைத்தார். நம்பிக்கை பிறந்தால்தான் உண்மை வெளிவரும். என்னை ஏன் வெளியே அனுப்பினார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. நான் தீயவன் என்பதாலன்று. என்முன் அம்மனைவியால் உண்மை பேச இயலவில்லை என்பதால். என் புகழ்ச்சியே அவ்வீட்டின் வாயைக் கட்டிய கயிறாயிற்று.

இதில் நம் திருச்சபையின் நெறியும் தெளிவானதே. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நிகழ்த்தலாகாதென 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதிக்கிறது. 1999-இல் வெளியான திருத்திய சடங்குநூலும், தேவையான இடத்தில் மருத்துவ, மனநல வல்லுநரின் கருத்தை நாடுமாறு கூறுகிறது. மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். வாயில் நுரை தள்ளி விழுந்த சிறுவனைக் குணமாக்குமுன், இது எவ்வளவு காலமாக நிகழ்கிறதென்று ஆண்டவரே தந்தையை வினவுகிறார். கேட்டறிதல் விசுவாசக் குறைவாகாது.

கட்டிவைத்தலைக் குறித்தும் ஒரு சொல். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீவிபத்தில் மாண்டனர். அது ஏதோ ஒரு சமயத்தாரின் வெட்கமன்று. நம் அனைவரின் வெட்கம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாதென்கிறது. அவர்தம் நோய் விவரம் மறைவாகக் காக்கப்படும் உரிமையையும் தருகிறது. மார்ச் 8-இல் நாம் விழாக் கொண்டாடும் இறைவனின் புனித அருளப்பரே (1495-1550) கிரனாடா நகரில் பித்தரெனக் கருதப்பட்டு, கட்டுண்டு, அடிபட்டவர். அவ்வடியை மறவாமல் நோயாளர்க்கென இல்லம் அமைத்தார். இன்று செவிலியரின் பாதுகாவலர் அவரே.

எனவே, குடும்பத்தாரே, இவற்றை மனத்தில் இருத்துங்கள்.

நெடுநாள் குடித்தவர் நிறுத்த விரும்பினால் முதலில் மருத்துவரைக் காணட்டும். வாக்குறுதி பின்னர் வரட்டும். செவிலியர் கேட்கும்போது எதையும் மறைக்காதீர்கள். மகளின் திருமணம் தடைபடும் என்று மறைத்த ஒரு செய்தி, மகனின் உயிரைப் பறிக்கலாம். உண்ணும் மருந்துகளை எல்லாம் கையோடு கொண்டுசெல்லுங்கள். நோயாளியோடு தனியே பேசவேண்டும் என்றால் முகம் சுளிக்காமல் எழுந்து வெளியே செல்லுங்கள்.

"சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று செவிலியர் நேராகக் கேட்டால் பதறாதீர்கள். அக்கேள்வி அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை. உள்ளே அழுத்திக்கொண்டிருந்த பாரத்தை இறக்கிவைக்க வழி தருகிறது. நீங்களும் உங்கள் பிள்ளையிடம் அன்போடு அவ்வாறு கேட்கலாம். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். மருத்துவத்திற்குப் பின் இருமுறை வழுக்கினார். இருமுறையும் மறைக்காமல் மருத்துவரிடமே சென்றார். மூன்று ஆண்டுகளாகக் குடிக்கவில்லை. அவரை நான் இப்போது மறையுரையில் புகழ்வதில்லை. சந்திக்கும்போது, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திருக்கிறேன்.

குடியை விடுவதாக வாக்களிக்க வருவோரிடம் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன்: எத்தனை ஆண்டுகளாக? நாள்தோறுமா? முன்பு நிறுத்தியபோது கை நடுங்கியதா? நோயுற்ற வீட்டிற்குச் சென்று செபித்தபின், வீட்டார் முகத்தைப் பார்க்கிறேன். செவிலியரிடம் சொல்வதற்கு அவர்களிடம் ஏதோ இருக்கிறது என்று தோன்றினால், யாரும் சொல்லாமலேயே நான் முற்றத்திற்கு வந்துவிடுகிறேன்.